ஊதா மைக் கையெழுத்து

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பேனா அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அட்மிஷன் மேசையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். முத்து முத்தான கையெழுத்து. அதைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் அவளை வேலைக்கு எடுத்தார். எழுத்து அழகாக இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் அசிங்கம் யார் கண்ணிலும் படாது என்று அந்த மனிதர் அன்றைக்கே கணக்குப் போட்டிருப்பார். பாவம், இவள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். என்ன ஆபரேஷன், எதை எடுக்கப் போகிறார்கள், என்ன ஆபத்து வரலாம் என்று எழுத வேண்டிய மேல்பாதி காலியாக இருக்கும். கீழே மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பாள். இங்கே, இங்கே, இங்கே என்று விரலால் தட்டினால் போதும், போட்டுவிட்டுப் போவார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவன் தாளைப் படித்துக்கொண்டா இருப்பான்? அப்படியும் யாராவது மூக்குக்கண்ணாடியைத் தேடினால், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அந்த ஆளும் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மேல்பாதியை நிரப்புவது ஆபரேஷன் முடிந்த பிறகு. திறந்து பார்த்தால்தானே உள்ளே இருப்பது தெரியும், முன்கூட்டியே எழுதிவிட்டு அப்புறம் அடித்துத் திருத்துவானேன் என்று பெரிய டாக்டர் அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். செய்ததையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி அனுப்புவார். பேனா அக்கா அதை மேலே அழகாக எழுதிவிடுவாள். "மேற்கண்டவை எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டன" என்ற அச்சடித்த வரிக்குக் கீழே நோயாளியின் கையெழுத்து ஏற்கெனவே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அறுத்துத் தைத்துக் கட்டுப் போட்ட பிறகு அனுமதி வாங்குகிற இந்தக் கூத்துக்கு அங்கே ஒழுங்குமுறை என்று பெயர்.

மேலே ஒரு மையும் கீழே ஒரு மையும் இருந்தால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வருமே? அதற்கும் ஒரு வழி இருந்தது. நோயாளி எந்தப் பேனாவில் கையெழுத்துப் போட்டாரோ, அதையே அவர் ஃபைலோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பேனா அக்காவே கண்டுபிடித்தாள். அதற்காகப் பெரிய டாக்டர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவளைப் புகழ, ஊழியர்கள் கைதட்டினார்கள். இப்போது அந்தக் கைதட்டல் ஞாபகம் வந்தால் அவளுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

தையல்காரி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. முப்பத்தொரு வயது. கல்யாணமாகி ஏழு வருடமாகக் குழந்தை இல்லை. இடது சினைப்பையில் கட்டி இருந்தது. அதை எடுத்துவிட்டால் குழந்தை தங்க வாய்ப்பு உண்டு என்று வேறொரு டாக்டர் சொல்ல, அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். மேசைப் பேனா எழுதாமல் மக்கர் பண்ணியது. உதறிப் பார்த்தார்கள், கிறுக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அவளே தன் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். நோட்டுப் புத்தகத்தில் அளவு குறித்துக்கொள்ள வைத்திருந்த ஊதா மைப் பேனா. முதல் பெருக்கல் குறிமேல் முனையை வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"அக்கா, மேல ஒண்ணுமே எழுதலையே?"

"அப்புறமா எழுதிப்பாங்கம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"கட்டியை மட்டும்தானே எடுப்பாங்க? வேற எதையும் தொட மாட்டாங்கல்ல?"

"கட்டி மட்டும்தான். பயப்படாம போடு."

பேனா அக்காவுக்கு அதைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. வரிசை நகர வேண்டும், அவ்வளவுதான். தையல்காரி மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டாள், பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள், போனாள். அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. பேசி முடித்துவிட்டு ஃபைலுக்கு ரப்பர் பேண்டு போட்டவள், உள்ளே பேனா இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

மத்தியானம் துண்டுச் சீட்டு வந்தது. இடது சினைப்பைக் கட்டி அகற்றப்பட்டது. கருப்பையும் அகற்றப்பட்டது. பேனா அக்கா மூன்று தரம் படித்தாள். பிறகு சீட்டை எடுத்துக்கொண்டு நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். பதினொரு வருடத்தில் சீட்டோடு அவள் அங்கே போனது அதுவே முதல் தடவை. அவர் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

கருப்பையிலும் சின்னச் சின்னக் கட்டிகள் இருந்ததாம், இரண்டு வருடத்தில் மறுபடி வந்து நிற்பாளாம், அதனால் ஒரே வேலையாக முடித்துவிட்டாராம். உயிருக்கு ஆபத்தாக இருந்ததா என்று இவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அதெல்லாம் இல்லை என்றார்.

"ஏழு வருஷமா எதுக்கும் உதவாத ஒண்ணு. இருந்து மட்டும் என்ன பண்ணப் போகுது?"

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"அதான் கையெழுத்து இருக்கே. போய் நிரப்பும்மா."

குச்சியை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார். அந்தக் குச்சி, அதன் நுனியில் ஒட்டியிருந்தது, மணி அடித்த கை, எதையும் அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். குடித்த தண்ணீரும் கசந்தது.

ஃபைலைப் பிரித்தபோதுதான் பேனா இல்லாதது தெரிந்தது. ஆஸ்பத்திரி முழுவதும் நீலமும் கறுப்பும்தான், ஊதா எங்கும் கிடையாது. தலைமை நர்ஸிடம் சொன்னாள். அந்த அம்மாள் பதறவே இல்லை. நாளைக் காலையில் தையல்காரிக்கு மயக்கம் தெளிந்துவிடும், அவளிடமே பேனாவை வாங்கி எழுதிவிடு என்றாள். கருப்பை விஷயத்தை இப்போதைக்கு வாயே திறக்கக் கூடாது, தையல் பிரிக்க வரும்போது பெரிய டாக்டரே பக்குவமாகச் சொல்லிக்கொள்வார் என்றும் சொன்னாள். பக்குவமாம். அழுகிய பண்டத்தைப் பட்டுத்துணியில் சுற்றினால் நாற்றம் போய்விடுமா?

வீட்டில் மகள் பள்ளிச் சுற்றுலாவுக்கான அனுமதித் தாளை நீட்டினாள். பேனா அக்கா இரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தாள், எந்த பஸ், எத்தனை டீச்சர் என்று கேட்டாள், எது நடந்தாலும் பள்ளி பொறுப்பில்லை என்ற வரியை அடித்துவிட்டு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். போட்ட கை தாள்மேலேயே நின்றுவிட்டது. புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லாரி ஓட்டுகிற மனிதர், வேலைக்குச் சேதம் வராத பேச்சைத்தான் பேசுவார்.

"நீயா கத்தியைப் பிடிச்சே? பேனாதானே பிடிச்சே. விடு."

ஆறுதலாகச் சொன்னதுதான். அவளுக்கோ அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இத்தனை வருடமும் தனக்குத் தானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை படிவத்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். தையல்காரி வெளுத்துப்போய்க் கிடந்தாள். இவளைப் பார்த்ததும் சிரித்தாள். நீங்கள் சொன்ன தைரியத்தில்தான் போய்ப் படுத்தேன் என்றாள். பேனா வேண்டும் என்றதும், தன்னால் எழுந்திருக்க முடியாது, பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இஞ்ச் டேப்புக்குக் கீழே அளவு நோட்டு இருந்தது. அதன் நடுவில் அடையாளத்துக்குச் செருகி வைத்திருந்தாள் பேனாவை. எடுத்தாகிவிட்டது. மேசைக்குப் போய் நாலு வரி எழுதினால் வேலை முடிந்தது.

"பேனா எதுக்குக்கா?"

பொய் ஒன்று வாய்வரைக்கும் வந்தது. எப்போதும் வருகிற பொய்தான். அதை அப்படியே விழுங்கிவிட்டாள். நீ காலித் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், மேலே எழுதுவதற்குத்தான் என்றாள். என்ன எழுத என்று அவள் கேட்டாள். பேனா அக்கா துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தாள். கோழிக் கிறுக்கல், தையல்காரிக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

படித்தாள். பதினொரு வருடத்தில் ஒரு நோயாளிக்கு அவள் படித்துக் காட்டிய முதல் சீட்டு. இரண்டாவது வரியில் குரல் இறங்கிவிட்டது. சரியாகக் கேட்கவில்லை, திரும்பப் படியுங்கள் என்றாள் தையல்காரி. திரும்பவும் படித்தாள்.

தையல்காரியின் கை போர்வைக்குள் போய் வயிற்றின்மேல் நின்றது.

"கட்டி மட்டும்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்."

தையல்காரி கையை நீட்டினாள். பேனாவையும் படிவத்தையும் வாங்கிக்கொண்டாள். தலையணைமேல் சாய்ந்தபடி அளவு நோட்டை அடியில் வைத்து, காலியாகக் கிடந்த மேல்பாதியில் எழுதினாள். எழுத்து கோணலாகத்தான் வந்தது. கட்டியை மட்டும் எடுக்கத்தான் சம்மதித்தேன். வேறு எதற்கும் என்னை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியும் போட்டாள். மேலும் கீழும் ஒரே ஊதா மை. பேனா அக்கா பதினொரு வருடம் பாடுபட்டுக் காப்பாற்றிய பொருத்தம்.

"கீழ சாட்சின்னு ஒரு இடம் இருக்கு. போடுங்க."

போட்டாள். முத்து முத்தான அந்த எழுத்து முதல் தடவையாகக் குலைந்துபோனது. தையல்காரி தன் போனைக் கொடுத்து, தாளைப் படம் எடுக்கச் சொன்னாள். எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

தலைமை நர்ஸ் வாசலில் தலையை நீட்டி, நிரப்பியாயிற்றா என்று கேட்டாள்.

"நிரப்பியாச்சு" என்றாள் பேனா அக்கா.

நர்ஸ் போனதும் பேனா அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தையல்காரி காது கொடுக்கவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.