டெல்மர் ஹாகன் ஊத மறுத்த சனிக்கிழமை

டெல்மர் ஹாகனுக்கு வாசனை தெரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பால் வண்டி ஓட்டுகிறவர் வெளியில் சொல்லக்கூடிய விஷயமில்லை அது. ஒவ்வொரு பண்ணையிலும் பால் தொட்டியின் மூடியைத் திறந்ததும் முதலில் குனிந்து முகர வேண்டும். காட்டு வெங்காயம் மேய்ந்த மாட்டின் பால், புளிக்கத் தொடங்கிய பால், கொட்டகை நாற்றம் ஏறிய பால் எல்லாம் மூக்குக்குத்தான் முதலில் பிடிபடும். ஒரு தொட்டியில் தப்பு நடந்தால் வண்டியில் ஏற்கெனவே ஏற்றிய ஆறு பண்ணைப் பாலும் கெட்டது. முப்பத்தொரு வருஷம் முகர்ந்த மூக்கு. இப்போதும் குனிவார், மூச்சை இழுப்பார், சரி என்று தலையாட்டுவார். பிறகு குழாயை மாட்டுவார்.

பிறகு வலது கை நடுங்கத் தொடங்கியது. மினசோட்டாவில் அவர் இருந்த கவுன்டியில் ஒருவர் டாக்டரைப் பார்த்தால் மறுநாள் காப்பிக் கடையில் நான்கு பேர் நலம் விசாரிப்பார்கள். அதனால் இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனார். டாக்டர் பார்க்கின்சன் நோய் என்றார், கையெழுத்தைப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரைகள் ஒரு பழைய தலைவலி மாத்திரைக் குப்பிக்குள் போயின. மனைவி ஆர்டிஸுக்குக்கூடத் தெரியாது. கனரக வண்டி ஓட்ட அவருக்குத் தகுதி உண்டு என்கிற மருத்துவச் சான்று அக்டோபரில் முடிகிறது. அதற்குள் ஏதாவது செய்துவிடலாம் என்று நினைத்தார். என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. வண்டி போய்விட்டால் காலை நான்கு மணிக்கு எழுந்து எங்கே போவது என்பதும் தெரியவில்லை.

மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை மெர்ல் ஆஸ்ட்பியை அடக்கம் செய்தார்கள். டெல்மர் பால் எடுக்கும் பண்ணைகளில் மெர்லுடையதும் ஒன்று. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறி சாண்ட்விச், காப்பி. டெல்மர் இரண்டு கப் காப்பி குடித்தார். முதுகு பிடித்துக்கொண்டதால் ஆர்டிஸ் வரவில்லை. அங்கிருந்து ஆண்கள் எல்லோரும் பழைய ராணுவத்தார் கிளப்புக்குப் போனார்கள். மெர்ல் பேரைச் சொல்லி ஆளுக்கொரு கிளாஸ் பீர் வந்தது.

"என்ன டெல், கிளாஸை வெச்சுக்கிட்டு ஜெபமா பண்றே? மெர்ல் இருந்திருந்தா இந்நேரம் உன்னதையும் சேத்து முடிச்சிருப்பான்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

அவர் கிளாஸைத் தூக்கினார். கை ஒரு துள்ளுத் துள்ளியது. பாதி பீர் கோட்டின் மார்பில் வழிந்தது.

"வாய் எங்க இருக்குன்னு மறந்துட்டியாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் கிளாஸை ஜன்னல் மேடையில் வைத்தார். ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. காகிதத்தால் கோட்டைத் துடைத்தார். கோட்டில் பீர் நாறியது மற்றவர்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

மாலை நான்கு மணிக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவருடைய பிக்கப் வண்டியின் வலது சக்கரம் இரண்டு முறை தார் ரோட்டை விட்டுச் சரளையில் இறங்கி ஏறியது. கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. வந்தவன் கோரி லிண்ட்குவிஸ்ட், ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரன். அவன் அப்பாவின் பண்ணை டெல்மர் போகிற நான்காவது பண்ணை.

"என்ன டெல்மர், மெர்லை வழியனுப்பிட்டு வரீங்களா?"

"ஆமா கோரி."

கோரி ஜன்னலுக்குள் குனிந்தான். முகம் மாறியது. "எவ்வளவு குடிச்சீங்க?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அந்த ஊரில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது வணக்கம் சொன்னவனுக்கு முதுகைக் காட்டுவது மாதிரி. எட்டு கிளாஸ் குடித்தவனும் ஒரு கிளாஸ் குடித்தவனும் சொல்லும் பதில் ஒன்றே. டெல்மரின் நாக்கு அதைத் தானாகச் சொன்னது.

"ஒண்ணு ரெண்டு."

ரோட்டோரம் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஒன்பது தப்படி நடந்து திரும்பச் சொன்னான் கோரி. ஒன்பது தப்படியும் நடந்தார். திரும்பும்போது பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. கோரி முழங்கையைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார்.

"மன்னிச்சுக்குங்க டெல்மர். விலங்கை முன்பக்கமே போடறேன்."

"பரவால்ல. உன் வேலை அது."

ஸ்டேஷனில் கோரி ஒரு தாளைப் பார்த்து மெதுவாகப் படித்தான். குடித்திருக்கிறாரா என்று காட்டும் கருவியில் ஊதிக் காட்டச் சட்டம் சொல்கிறது. மறுத்தால் அதுவே ஒரு குற்றம். முடிவு சொல்வதற்கு முன்னால் வக்கீலிடம் பேச அவருக்கு உரிமை உண்டு. படித்துவிட்டு மேஜைமேல் ஃபோனையும் மூன்று டைரக்டரிகளையும் தள்ளினான்.

"யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க. அவசரமில்ல."

டெல்மர் வக்கீல்கள் பக்கத்தைப் புரட்டினார். சனிக்கிழமை சாயங்காலம். முன்பின் தெரியாத ஒருவரை அவர் வீட்டில் தொந்தரவு செய்வதா? கோரி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா உட்கார்ந்திருக்கவும் கூச்சமாக இருந்தது. நேரத்தையும் குளிரையும் பதிவுக் குரலில் சொல்வதற்காக வங்கி வைத்திருக்கும் எண்ணைச் சுழற்றினார். நான்கு மணி ஐம்பத்தொன்று, முப்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட் என்றது ஒரு பெண் குரல். அக்கறையாகக் கேட்பவர்போல "ஆமா, ஆமா" என்றார். வைத்துவிட்டு இன்னொரு தடவை கூப்பிட்டார். நான்கு ஐம்பத்திரண்டு.

ஊதினால் கருவி பூஜ்யம் காட்டும். அதுதான் அவருக்குப் பயம். குடிக்கவில்லை என்றால் பிறகு ஏன் தடுமாறினீர்கள் என்று கேட்பார்கள். டாக்டர் வருவார். ரத்தம் எடுப்பார்கள். தலைவலிக் குப்பியைத் திறப்பார்கள். குடித்தவனுக்கு ஒரு வருஷத்தில் லைசென்ஸ் திரும்ப வரும், ஊரில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. இந்த நோய்க்காரனுக்கு வராது.

"நான் ஊதல கோரி."

"நல்லா யோசிங்க. ஊதாம விட்டா இன்னும் மோசம்."

"ஊதல."

அன்று ராத்திரியே அவரை விட்டுவிட்டார்கள். வீட்டில் ஆர்டிஸ் அவரைப் பார்த்தாள், சமையலறை நாற்காலியில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். "குடிச்சியா?"

"கொஞ்சம்."

அவள் கோட்டை வெளியே கொண்டுபோய்த் தொங்கவிட்டாள்.

அடுத்த மூன்று வாரம் அவருடைய வண்டியை வேறு யாரோ ஓட்டினார்கள். ஊர் எளிதாக மன்னித்தது. எனக்கும் ஒருதரம் ஆச்சுப்பா என்று பேக்கரியில் தோளைத் தட்டினார்கள். தட்டும்போதெல்லாம் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாக நுழைத்துக்கொண்டார். நான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொள்வார். தூக்கம் மட்டும் வரவில்லை.

வக்கீல் க்வென் பவெல்கா ஐம்பது தாண்டியவள், கறாரானவள். குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார் டெல்மர். கோர்ட்டுக்குப் போன அன்று காலை, நடைபாதையை ஒட்டிய சின்ன அறையில் அவள் காகிதக் கட்டை விரித்தாள். ஆர்டிஸ் வெளியே பெஞ்சில் இருந்தாள்.

"ஒவ்வொரு பக்கத்தோட அடியிலயும் கையெழுத்துப் போடணும். படிச்சிட்டுப் போடுங்க. விசாரணை கேக்கிற உரிமையை இந்தப் பக்கத்துல விட்டுக்கொடுக்கறீங்க. சாட்சியைக் கேள்வி கேக்கிறதை இதுல. வாயைத் திறக்காம இருக்கிற உரிமை, அது இங்க."

அவர் போட்டுக்கொண்டே போனார். முதல் பக்கத்தில் கையெழுத்து சின்னதாக இருந்தது. மூன்றாவதில் இன்னும் சின்னது. ஐந்தாம் பக்கத்தில் எறும்பு ஒன்று செத்துக் கிடந்த மாதிரி இருந்தது. க்வென் கோப்புக்குள்ளிருந்து ஏழு வருஷத்துக்கு முந்தைய லைசென்ஸின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் ஹாகன் என்ற பெயர் கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது.

"எங்கப்பாவுக்குப் பார்க்கின்சன். அவர் கடைசியா அனுப்பின கிறிஸ்துமஸ் வாழ்த்தெல்லாம் இப்படித்தான் மிஸ்டர் ஹாகன். படிக்க லென்ஸ் வேணும்."

டெல்மர் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்றது என்னோட நிக்கும். நீங்க சரின்னு சொல்லாம அந்த நீதிபதி கேட்டாலும் நான் சொல்ல முடியாது. அன்னிக்கு எவ்வளவு குடிச்சீங்க?"

"ஒண்ணு ரெ..." நிறுத்தினார். "காப்பி. ரெண்டு கப்."

அவள் பேனாவை மூடினாள். "பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். குடிச்சிட்டுக் குடிக்கலன்னு சத்தியம் பண்றவங்களைத்தான் பாத்திருக்கேன்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தொட்டி மூடி, குப்பி, அக்டோபர் எல்லாம். "குடிகாரன்னா ஒரு வருஷத்துல லைசென்ஸ் வந்துடும்" என்று முடித்தார்.

"சரி. ஒரு வருஷம் கழிச்சு உங்க கை எப்படி இருக்கும்?"

அதை அவர் தன்னிடம்கூடக் கேட்டதில்லை.

"பேச வேண்டாம்னா பேசாதீங்க. அரசாங்கம்தான் நிரூபிக்கணும், நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்ல. இல்ல, டாக்டர்கிட்டேருந்து கடிதம் வாங்கிக் கொடுக்கலாம். ரெண்டும் உங்க இஷ்டம். ஆனா இந்தக் காகிதத்தோட உள்ள போனா, குடிச்சீங்களான்னு நீதிபதி கேப்பார். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ற உரிமை யாருக்கும் இல்ல. தெரிஞ்சே அப்போ நான் பக்கத்துல நிக்கவும் முடியாது."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே கால். ஒன்பதரைக்கு அவர் பெயரைக் கூப்பிடுவார்கள். கடிதம் கொடுத்தால் வழக்கு போகும், வண்டியும் போகும். டெல்மர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"ஆர்டிஸைக் கூப்பிட முடியுமா?"

ஆர்டிஸ் வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு நான் ரொட்டியைக் கருக்கிட்டேன்" என்றாள். "வீடே புகை நாத்தம். நீ அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒண்ணும் சொல்லல. முப்பத்தெட்டு வருஷத்துல இப்பத்தான் நீ நல்ல புருஷனா மாறியிருக்கேன்னு நெனச்சேன்."

"அதுவும் உண்மைதான்."

"அதெல்லாம் இல்ல. உனக்கு மூக்கு போச்சு, அவ்வளவுதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் சட்டையெல்லாம் நான்தானே துவைக்கறேன் டெல். அந்தக் கோட்டோட மேல்பக்கம்தான் நனைஞ்சிருந்துது. உன் வாயில பீர் வாசனையே இல்ல. நீ யாரைக் காப்பாத்தறியோன்னு மூணு வாரமா யோசிச்சிட்டிருந்தேன்."

க்வென் கையெழுத்துப் போட்ட தாள்களை இரண்டாகக் கிழித்துப் பையில் போட்டாள்.

ஒன்பதரைக்கு நீதிபதி கேட்டதற்கு டெல்மர், "குற்றத்தை ஒப்புக்கொள்ளல, ஐயா" என்றார். டாக்டரின் கடிதம் அடுத்த வாரம் போனது. ஊத மறுத்த குற்றத்தையும் சேர்த்து ஜூனில் வழக்கைக் கைவிட்டார்கள். அதற்கு முன்பே, ஏப்ரலிலேயே, கனரக லைசென்ஸையும் பாலைச் சோதிக்கும் சான்றையும் அவர் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த உறையின் மேல் முகவரியை ஆர்டிஸ் எழுதினாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தார்.

கோர்ட்டிலிருந்து திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். அவர் கையைப் பைக்குள் போடாமல் முழங்காலின் மேல் விட்டிருந்தார். அது தன்பாட்டுக்கு ஆடியது. லிண்ட்குவிஸ்ட் பண்ணையைத் தாண்டும்போது ஆர்டிஸ் அவசரமாக ஜன்னலை ஏற்றினாள்.

"என்ன?" என்றார்.

"வயலுக்கு எரு போட்டிருக்காங்க. குடலைப் பிடுங்குது."

அவர் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"பயமா இருக்கு ஆர்டிஸ்."

"தெரியும்" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடி.