துடைத்து வைத்த வீடு

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தியேட்டரக்கா என்று பெயர். புதிதாகச் சேர்கிறவர்கள், சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆபரேஷன் தியேட்டரைக் கழுவித் துடைப்பது அவள் வேலை. ஒரு நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு போனதும், அடுத்தவர் வருவதற்குள் ரத்தம் சிந்திய சுவடே தெரியக்கூடாது. பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றால் முதலில் துடை. இந்தப் புத்தி அவளுக்குள் ஊறிப்போய்விட்டது. அதுவே வினையாகவும் முடிந்தது.

படுக்கையறைக்கு மேலிருந்த ஓடுகளைப் புயல்காற்று பிடுங்கி எறிந்திருந்தது. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் பார்க்க வருகிறார் என்று போன் வந்ததுதான் தாமதம், வாளியோடு இறங்கிவிட்டாள். உடைந்த ஓடுகள் குப்பை வண்டிக்குப் போயின. நனைந்த மெத்தையும் போயிற்று. சுவரில் வழிந்த கறையைத் தேய்த்தே போக்கினாள். ஓட்டையின் மேல் தம்பியை விட்டுத் தார்ப்பாய் கட்டவைத்தாள்.

வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். "ஓட்டை இருக்கு, சரி. உடைஞ்ச ஓடு எங்கம்மா? நீங்களே கழட்டலைன்னு நான் எப்படி எழுதுறது?"

ஆதாரம் இல்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அவள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

கவலை கூரைக்காக மட்டும் இல்லை. அவள் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஈரத்தில் படுத்தால் இந்தத் தடவை மீட்பது கஷ்டம் என்று டாக்டர் பட்டவர்த்தனமாகச் சொல்லியிருந்தார். நனையாத இடம் அடுக்களை ஒன்றுதான். அடுப்புக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டாள்.

"என்னையும் சேத்து வேகவைக்கப் போறியா?" என்றார் அவர். சிரிக்கப்போய் இருமல் பிடித்துக்கொண்டது.

நடையாய் நடந்ததில் இன்னொரு முறை பார்க்க ஒப்புக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டும் தம்பி ஏணி வைத்து ஏறித் தார்ப்பாயை அவிழ்த்தான். "அக்கா, உன் காலைப் புடிக்கிறேன். அவங்க வர்ற வரைக்கும் துடைப்பத்தைத் தொடாதே. விழுறது விழட்டும், நாறுறது நாறட்டும்."

வருகிறோம் வருகிறோம் என்று இழுத்தடித்தார்கள். மழை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. கூரை மரங்கள் உப்பிச் சரிந்தன. சுவரில் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்தது. அவளுக்குக் கை நமநமத்தது. ஈரம் சுவர் வழியாக அடுக்களைப் பக்கம் நகர நகர, இருமலும் கூடியது. தம்பியை மனதுக்குள் திட்டினாள், கம்பெனியைத் திட்டினாள், எல்லாரையும்விடத் தன்னைத்தான் அதிகம் திட்டினாள். ஆனால் எதையும் தொடவில்லை.

கடைசியில் வந்தவர் வேறொரு அதிகாரி, இளவயசு. மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார்.

"இது புயல்ல வந்த சேதம் மாதிரி தெரியலம்மா. கவனிக்காம விட்டதால வந்தது. வீட்டை ஒழுங்கா வெச்சுக்கலைன்னுதான் எழுதணும்."

சொன்னபடியே எழுதவும் செய்தார்.

"யாரு, நானா?" என்றாள். எந்த டாக்டரும், எந்த நர்சும் அவளை ஒருநாளும் சொல்லியிராத குறையை இவர் சொல்லிவிட்டார். தம்பி பாய்ந்து முன்னால் வந்தான். அவள் அவனைக் கையால் தடுத்தாள்.

"பணம் கிடக்கட்டும் சார். அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சுடுங்க."

"அதெப்படிம்மா? அதை அடிச்சா பணம் குடுக்க வேண்டி வருமே!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. காது மடல் சிவந்துபோயிற்று.

"இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க சார்" என்றாள். "உள்ள இருக்கிறவருக்கும் கேக்கட்டும்."

அவர் பையைத் தோளில் மாட்டினார். அவள் நாற்காலியை இழுத்து வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வழி விடுங்கம்மா."

"விடுறேன். அடிச்சுட்டுப் போங்க."

அடுக்களையிலிருந்து இருமல் கேட்டது. அது நிற்கவே இல்லை. அதிகாரி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், பேனாவை எடுத்தார், அடித்தார். புயல் என்று எழுதினார். அவள் வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு நாற்காலியை நகர்த்தினாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் ஓவென்று அழுதாள்.