தெரசா துடைத்த லென்ஸ்

எழிலரசி வாயும் வயிறுமாக இருந்தபோது சைலீன் வாடை பட்டாலே குமட்டிக்கொண்டு வரும். அரூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் அவளுக்கு ஸ்லைடு கழுவும் வேலை. மைக்ராஸ்கோப்பில் சளி பார்ப்பவர் தெரசா. கிருமி தெளிவாகத் தெரிய ஸ்லைடில் விடும் எண்ணெய் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும்; அதைச் சைலீன் என்ற திரவம் தொட்டுத்தான் துடைப்பார். ஒருநாள் அந்தப் பாட்டிலை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. எழிலரசிக்குத் தெரியாதா என்ன!

ஸ்பிரிட்டில் துடைத்தார், எண்ணெய் ஈஷிக்கொண்டதே ஒழியப் போகவில்லை. ஸ்லைடுக்குச் சாயம் போடும் மேசையில் அசிட்டோன் இருந்தது. ஒரே இழுப்பு, லென்ஸ் பளிச்சென்றாகிவிட்டது. வாடையும் நிமிஷத்தில் பறந்தது.

"ஆண்டவரே வழி காட்டினாரு" என்று சிரித்தார்.

போகப் போகப் பார்வை மங்கியது. கண்ணுக்கு வயதாகிவிட்டதென்று நினைத்து, தர்மபுரிக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சரம்மா கணக்கா இருக்கறீங்கக்கா. பிரம்பு ஒண்ணுதான் பாக்கி."

"பிரம்பு உம் புள்ளைக்கு வாங்கி வெச்சிருக்கேன். வாய மூடிக்கிட்டுக் கழுவுடி."

கண்ணாடி போட்டும் மங்கல் தீரவில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாயைத் திறக்காமல் அப்படியே ஸ்லைடுகளைப் பார்த்துவந்தார். அந்த நாட்களில்தான் தீர்த்தமலைப் பக்கத்து விவசாயி கருப்பண்ணன் இருமிக்கொண்டே வந்து சளி கொடுத்தார். காசநோய்க் கிருமி இல்லை என்று சொல்லியனுப்பினார் தெரசா. மனுஷன் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு சேலத்திலிருந்து மைக்ராஸ்கோப்பைப் பழுது பார்க்க வந்த நவநீதன் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எதுலீங்க துடைச்சீங்க?"

"அசிட்டோன்."

"போச்சு போங்க. உள்ள கண்ணாடிய ஒட்டி வெச்ச பசையே கரைஞ்சிருக்குது. இதுல யானை நின்னாலும் தெரியாதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. வேறு லென்ஸ் மாட்டி, எடுத்து வைத்திருந்த ஸ்லைடுகளைத் தெரசா திரும்பப் பார்த்தார். கருப்பண்ணனுடையதில் நீலத்துக்குள்ளே சிவப்புச் சிவப்பாகக் குச்சிகள், காசநோய்க் கிருமிகளேதான். உடனே பஸ் ஏறினார். வேண்டாமென்று சொல்லியும் எழிலரசியும் கூடவே போனாள்.

கருப்பண்ணன் வீட்டு வாசலில் சாவுப் பந்தல் போட்டிருந்தது. பெண்சாதி சாலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திப் பொத்தி இருமினாள். தெரசா அவள் எதிரில் மண்டியிட்டார்.

"தப்பு என் மேலதாம்மா. அவருக்கு அந்த நோவு இருந்திருக்கு. நீங்களாவது வந்து சளி குடுங்கம்மா."

"ஒரு தடவ பாத்துச் சொன்னது போதாதா? எங்க வூட்டு வாசல்ல நிக்காத, போ!"

திரும்பி வந்து டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, தெரசா வேலையையும் விட்டுவிட்டார். ஊரைவிட்டே போகிற அவரை வழியனுப்ப, பச்சை உடம்போடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள் எழிலரசி.

"எனக்காகத்தானேக்கா சைலீன மாத்துனீங்க?" என்று விம்மினாள்.

பஸ் உறுமியது. தெரசா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அத விடுடி. சாலம்மா இன்னும் சளி குடுக்கல. சாமி விட்ட வழின்னு வூட்லயே கெடப்பாங்க, வுட்டுறாத. எம் பேர எடுக்காத, எடுத்தா வரமாட்டாங்க. வேற ஆஸ்பத்திரிக்குன்னாலும் கூட்டிட்டுப் போயிடு."