இரண்டே சீட் உள்ள கார்

எங்கள் வாசலில் கார் வந்து நின்றாலே நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த சந்துக்குள் கார் வருவதே அபூர்வம். வந்தால் அது அப்பாவை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போக வந்த வாடகைக் காராகத்தான் இருக்கும். அப்பா மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங், பெயிண்டிங் வேலை செய்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். வரும்போது மாமாவின் லோடு ஆட்டோவில் பெட்டிகளோடு பெட்டியாக உட்கார்ந்து வருவார். போகும்போதுதான் கார். ஆகவே ஆட்டோ என்றால் வரவு, கார் என்றால் போக்கு. எட்டு வயதில் எனக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது தெருவுக்கே தெரியும். குக்கர் விசில், கோயில் யானை, ஜவுளிக்கடை எஸ்கலேட்டர் எல்லாவற்றுக்கும் பயம். ஆனால் கார் பயம் அந்தக் கணக்கில் சேராது. அது நியாயமான பயம் என்று இன்றைக்கும் வாதாடுவேன்.

அப்படியிருக்க, அந்த லீவில் அப்பா ஒரு கார் வாங்கப் போவதாகப் பேச்சு எழுந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வாடகைக் கார் என்றால் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். எனக்கும் அழுது தீர்க்க ஒரு நாள் கிடைக்கும். சொந்தக் கார் வாசலிலேயே நின்றால், நான் ஸ்கூலுக்குப் போன நேரம் பார்த்து அப்பா பாட்டுக்குக் கிளம்பிவிடலாமே.

இந்த வினையை இழுத்து வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுச் சாமான்களை ஏற்றப் போனவர், கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்துவிட்டு வந்து ஒரே குதி. "வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் மச்சான். பல வருஷமா அப்படியே நிக்குது. அங்க ஷேக்குங்களுக்கு இந்த மாதிரி வண்டியத்தான தட்டிக் குடுக்குறீங்க. ஒரு நடை பாத்துட்டு வந்துருவோம்" என்றார். அப்பா அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்து டார்ச்சையும் ஸ்க்ரூ டிரைவரையும் தேடி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேருமாகப் பஸ் ஏறினோம். காவிரிப் பாலத்தில் தண்ணீர் பார்க்கச் சொல்லி அம்மா ஜன்னல் ஓரம் விட்டாள். நான் எதிரே வந்த கார்களைத்தான் பார்த்தேன்.

கார்க்காரப் பெரியவர் நல்ல மனிதர். "வாங்கோ வாங்கோ, குழந்தையும் வந்திருக்காளா" என்று எங்களை வீட்டின் நடுவாகவே கொல்லைக்குக் கூட்டிப்போனார். "எங்கப்பா ஆசையா வாங்கினது. மெட்ராஸ்லேர்ந்து அவரே ஓட்டிண்டு வந்தார். அவருக்கப்புறம் தொட ஆளில்லை" என்று சொல்லிக்கொண்டே தார்ப்பாயை இழுத்தார். தூசி அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

முன் விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்றிலிருந்து பல்லி எட்டிப் பார்த்தது. மேல்மூடித் துணி நார்நாராகத் தொங்கியது. கதவில் அம்மா விரலை வைத்ததும் துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதுவா கார்? காயலான் கடைக்காரன்கூட வேணாம்பான்" என்றாள் அம்மா.

"ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தா சரிதானக்கா" என்றார் மாமா.

"மொதல்ல அடுப்பு பத்துமான்னு கேளு."

அப்பா இதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து நுழைந்தார். வீட்டில் அப்பா ஒரு விருந்தாளி மாதிரிதான் இருப்பார். டம்ளர் எங்கே, துண்டு எங்கே என்று கேட்டுக் கேட்டு எடுப்பார். இங்கே யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தத்தைக் கொண்டுவந்திருந்தார். அதை என்னிடம் கொடுத்து வண்டியின் உடம்பு முழுக்க ஒட்ட வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒட்டினால் இரும்பு, விழுந்தால் உள்ளே ஓட்டையைப் பட்டி பூசி அடைத்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். மாம்பழம் இரண்டு இடத்தில்தான் விழுந்தது. விழாத ஒவ்வொரு இடத்துக்கும் அப்பாவின் முகம் தெளிந்தது, எனக்கு உயிர் போனது.

"சேஸிஸ் கல்லு மாதிரி இருக்கு. மேல்தோலுதான் போயிருக்கு" என்று வெளியே வந்தார். முகமெல்லாம் ஒட்டடை. அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பின்னால் ஒன்றுமே இல்லை. "ரெண்டே சீட்டா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி குழந்தே. மூணாவது ஆள் பின்னாடி பஸ்ஸுல வரவேண்டியதுதான்" என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் மூன்று பேர். அம்மா என்னை விட்டுவிட்டுப் போகமாட்டாள், அது நிச்சயம். அப்படியானால் ஒரு சீட் அப்பாவுக்கு, இன்னொரு சீட் பெட்டிக்கு. இதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்பா என்னைத் தூக்கி இடதுபக்க சீட்டில் உட்கார வைத்துவிட்டு, சுற்றி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். என் காலுக்குக் கீழே தகரம் இற்றுப்போய்த் தரை தெரிந்தது. அப்பா என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, "எங்க போலாம் பாப்பா?" என்றார்.

நான் வீரிட்டு அழுதேன். பெரியவர் வீட்டு மாமி தண்ணீரோடு ஓடிவந்தாள். உள்ளே ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று எல்லோரும் என் காலைத் தடவிப் பார்த்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நான் அம்மா மடியில். அப்பாவும் அம்மாவும் பேசியது முழுக்க என் தலைக்கு மேலேதான் நடந்தது. "துவாக்குடியில ஒரு ஷெட்டு காலியா இருக்கு. இத ஒண்ண முடிச்சு நிறுத்திட்டா, பாத்துட்டு நாலு பேரு வண்டியோட தேடி வருவான்" என்றார் அப்பா. எனக்குப் பகீரென்றது. மஸ்கட் போதாதென்று துவாக்குடி வேறா?

"எடுத்தா அங்க மொதலாளிகிட்ட இனிமே வரலன்னு இந்த வாரமே சொல்லிடணும். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்க முடியாது" என்று அப்பாவே தொடர்ந்தார்.

"அப்ப சொல்லிடுங்களேன்" என்றாள் அம்மா.

அப்பா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பயமா இருக்கு. பதினாலு வருஷமா அடுத்தவன் சொன்ன வேலையச் செஞ்சே பழகிட்டேன்" என்றார். பெரியவர்கள் பேச்சில் அங்கே எது, இங்கே எது என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. அப்பாவுக்கும் அந்தக் காரைக் கண்டால் பயம் என்று மட்டும் புரிந்தது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மெயின்கார்டுகேட் தாண்டியதும் அம்மா சொன்னாள்: "வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாத்துடலாங்க. வெள்ளை வந்தா எடுங்க. செவப்பு வந்தா விட்டுடுங்க. அப்புறம் அதப் பத்திப் பேச்சே கூடாது."

வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து சாமி முன்னால் வைத்து, ஒன்றைக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கம். குழந்தை கை கள்ளம் அறியாத கை என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி நம்பப்பட்ட கை என்னுடையதுதான். பாவம்.

வழக்கமாக வெள்ளைக்கு நந்தியாவட்டைதான். அந்த வெள்ளிக்கிழமை பார்த்துப் பூக்காரம்மா வரவில்லை. அம்மா தன் தலையிலிருந்த சரத்திலேயே மல்லிகை ஒன்றைக் கிள்ளலாமா என்று யோசித்து, சூடின பூ ஆகாது என்று ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த முழத்திலிருந்து ஒன்று எடுத்தாள். சிவப்புக்கு மாடித் தொட்டியில் பூத்த செம்பருத்தியில் ஓர் இதழ். இரண்டையும் காலண்டர் தாளில் மடித்து, குலுக்கி, மாரியம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தாள். "நல்லா வேண்டிக்கிட்டு எடு பாப்பா" என்றாள்.

நான் விழுந்து கும்பிட்டேன். நெற்றி தரையில், மூக்கு தட்டருகில். ஒரு பொட்டலம் கமகமவென்று மணந்தது. செம்பருத்திக்கு வாசம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். எழுந்து, மணக்காத பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். கை அப்படி நடுங்கியது. சாமி வந்திருக்கு என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மா பிரித்தாள். சிவப்பு இதழ்.

"சரி" என்றார் அப்பா. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது, பாத்திரச் சத்தமே இல்லை. காரைக் காயலான் கடை என்று திட்டிய அம்மா ஏன் கண் சிவந்து வெளியே வருகிறாள் என்று யோசித்தேன். சந்தோஷத்தில் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து வேறு பயம் பிடித்தது. பொய் பித்தலாட்டம் செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று யார்தான் சொல்லவில்லை? இரண்டு கண்ணையும் கையால் பொத்திக்கொண்டே தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. பீளை ஒட்டி, ரத்தமாகச் சிவந்து கிடந்தது. தெருவில் பாதிப் பேருக்கு மெட்ராஸ் ஐ. ஆனால் எனக்கு மட்டும் அது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாதா?

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். மாமா குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். "பாப்பாவக் கிட்ட விடாதீங்க மச்சான். ஒட்டிக்கிச்சுன்னா ஏர்போர்ட்ல கண்ணப் பாத்து நிறுத்திப்புடுவான்." அப்போதுதான் அப்பா வியாழக்கிழமை கிளம்புகிறார் என்பதே எனக்குத் தெரிந்தது. கார் வாங்கவில்லை, அப்புறம் எப்படிப் போகிறார்? எனக்குத் தலை சுற்றியது.

வியாழக்கிழமை வாடகைக் கார் வந்தது. என்னை மாமாவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டி மாடிப்படியில் நிறுத்தியிருந்தார்கள். எப்போதும் கடைசியாக என்னைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டுத்தான் அப்பா ஏறுவார். இந்தத் தடவை வாசலிலிருந்தே கையை ஆட்டினார். ஒரு எட்டு என் பக்கம் வைத்தவர், மாமாவைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். நான் அழவில்லை. இது சாமி கொடுத்த தண்டனை, கண்ணும் போச்சு அப்பாவும் போச்சு என்று விறைத்துப்போய் நின்றேன்.

பத்து நாளில் கண் சரியாயிற்று. அப்படியானால் சாமிக்குக் கோபம் குறைந்திருக்கிறது. மிச்சத்தையும் ஒப்புக்கொண்டால் அப்பாவையும் திருப்பிக் கொடுத்துவிடும் என்று தைரியம் வந்தது. அடுத்த தடவை அப்பா ஃபோன் செய்தபோது, கண் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்பா, நான் மோந்து பாத்துதான் பூ எடுத்தேன். வேணும்னேதான் செவப்ப எடுத்தேன். கார் வந்தா நீங்க போயிடுவீங்கல்ல, அதான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டவர் இல்லையோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன். பின்னணியில் யாரோ தகரத்தைத் தட்டுவது மட்டும் கேட்டது. கடைசியில் அப்பா, "சாப்பிட்டியா பாப்பா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அப்பா திட்டவே இல்லை. ஃபோனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, தப்பித்தோம் என்று தெருவுக்கு விளையாட ஓடினேன்.