ஒன்பதாம் எண் ஒற்றையடிப் பாதை

வின்ஸ்பாட்ச் ஊர் மன்றக் கூட்டத்துக்குப் புகார் சொல்ல வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. ஏதாவது ஒரு வேலையைத் தலையில் கட்டித்தான் அனுப்புவோம். கிளெனிஸ் டிரான்டர் வந்தது பேருந்து நிறுத்தத்தின் கூரை ஒழுகுகிறது என்று சொல்லத்தான். ஊர்ப் பெயர்ப் பலகையை மறைக்கும் வேலிச்செடி, கல்லறைத் தோட்டத்துக் குழாய், தெருவில் நாய் அசிங்கம் செய்வது என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, ஒற்றையடிப் பாதைகளைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்று தலைவர் ராலண்ட் பியூ பெருமூச்சு விட்டார். கிளெனிஸ் தவறிப்போய் அவர் கண்ணைப் பார்த்துவிட்டாள்.

"நீதான் தினமும் நாயைக் கூட்டிட்டு நடக்கறியே. நடக்கறப்ப அப்படியே பாத்துட்டு வந்துடேன்," என்றார் ராலண்ட்.

"அப்ப பஸ் ஸ்டாப் கூரை?"

"அதையும் நீயே பாத்துக்க."

அந்த மன்றத்துக்கு நான் எழுத்தர். பதினேழு வருடமாகக் கடிதமும் கூட்டக் குறிப்பும் எழுதுகிறேன். கிளெனிஸோடு சின்ன வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். மாவு மூட்டைக்குள் பெருச்சாளி புகுந்தபோது மற்றவர்கள் நாற்காலி மேல் ஏறி நிற்க, அவள் அதை வாளியில் கவிழ்த்துப் பிடித்து வெளியே கொண்டு போனாள். தட்டில் பட்டாணியை மிச்சம் வைத்தால் அவள் ஒரு பார்வை பார்ப்பாள். இன்று பேரன் பேத்தி எடுத்த ஆண்கள்கூட அந்தப் பார்வையை மறக்கவில்லை.

பாதைப் பொறுப்பு வந்ததும் அவள் செடி வெட்டும் கத்தரியும் எண்ணெய்க் குப்பியும் வாங்கிக்கொண்டு, எங்கள் ஊரின் ஒன்பது பாதைகளையும் நடந்து தீர்த்தாள். வயலுக்கு வயல் பாதையை மறிக்கும் துருப்பிடித்த கதவுகளுக்கு எண்ணெய் போட்டாள். ஊர் மாத இதழில் தன் கையாலேயே ஓர் அறிவிப்பும் எழுதினாள். கன்றோடு நிற்கும் பசுக்கள் உங்களைப் பார்த்து வந்தால் முதலில் நாயைக் கயிற்றோடு விட்டுவிடுங்கள், அவற்றின் கோபம் நாய்மேல்தான், நாய் ஓடித் தப்பிவிடும், நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று. அதைத் தட்டச்சு செய்தது நான்.

ஒன்பதாம் எண் பாதை தேவாலயத்தின் பின்னால் தொடங்கி, கிளைவ் பெடோஸின் மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கே கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. சாலை வழியே போகலாம்தான். ஆனால் அங்கே ஓரம் கிடையாது, பால் லாரிகள் வேலியை உரசிக்கொண்டு போகும். அதனால் நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் வயல் வழியேதான் பள்ளிக்கூடம் போவார்கள்.

அந்த மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தப் பாதையின் கடைசிக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று யாரோ சொன்னதற்காக கிளெனிஸ் போனாள். கூடவே அவளுடைய நாய் நெட்டில். வயலில் பதினெட்டுப் பசுக்கள் கன்றுகளோடு நின்றன. உடம்பு சிவப்பு, முகம் வெள்ளை. அவள் பாதையை விட்டு விலகி ஓரமாகவே நடந்தாள். பாதி தூரத்தில், பின்னால் புல் மிதிபடும் சத்தம் கேட்டது.

"திரும்பிப் பாத்தேன், நின்னுதுங்க. நடந்தேன், அதுங்களும் நடந்துச்சு," என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "ஓடக் கூடாதுன்னு தெரியும். எவ்ளோ மெதுவா நடக்க முடியுமோ நடந்தேன். அப்புறம் ஒண்ணு முன்னாடி வந்து வழிய மறிச்சுது. அதோட மூச்சு என் முகத்துல பட்டுச்சு, மெரியல். வெதுவெதுன்னு."

முதல் முட்டிலேயே கீழே விழுந்தாள். மார்பின் மேல் கால் விழுந்ததும் உள்ளே ஏதோ சுள்ளி ஒடிவது போல முறிந்தது, அது தன் எலும்புதான் என்று புரிய நேரமானது. கத்தப் பார்த்தாள், காற்று வரவில்லை. ஒன்று நகர்ந்தால் இன்னொன்று வந்தது. உருண்டு உருண்டு வேலியோரக் கால்வாயில் விழுந்த பிறகும் அவை போகவில்லை. மேலே நின்று குனிந்து முகர்ந்தன. நாற்பது நிமிடம் சேற்றில் முகத்தை வைத்து, செத்தவள் போலக் கிடந்தாள்.

நெட்டில் கழுத்துப் பட்டையோ கயிறோ இல்லாமல் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடி வந்து குரைத்ததால்தான் ஆட்கள் தேடிப் போனார்கள். விலா எலும்புகள் ஆறு, தோள் எலும்பு ஒன்று, ஒரு பக்க நுரையீரலில் ஓட்டை. பதினோரு நாள் நகர மருத்துவமனையில் இருந்தாள். நாய் தனியாக வந்ததால், அவள் எழுதியபடியே நாயை விட்டிருக்கிறாள், அப்படியும் மாடுகள் விடவில்லை என்று ஊரே பேசிக்கொண்டது. அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் என் வீட்டுக்கு வர ஐந்து நிமிடம் நடக்கும் கிளெனிஸ், மாடு மேயும் பக்கத்தைத் தவிர்த்து அரை மணி நேரம் சுற்றி வர ஆரம்பித்தாள். அந்தக் கோடைப் புழுக்கத்திலும் அவள் வீட்டு ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. எங்கேயோ தூரத்தில் ஒரு மாடு கத்தினால் எழுந்து போய் ஜன்னல் தாழ்ப்பாளை இன்னொரு முறை அழுத்திப் பார்ப்பாள். திரும்பி வந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல வேறு பேச்சுக்குப் போவாள். ஜூலையிலும் அரைக்கைச் சட்டை போடாமல் மணிக்கட்டு வரை மூடித்தான் இருந்தாள்.

மன்றத்தில் ஜூனிலும் ஜூலையிலும் இதே பேச்சு. பாதையை மூடச் சொன்னார்கள் சிலர். நாயோடு போனவள்மேல்தான் தப்பு என்றார்கள் சிலர். கடையில் ஒருத்தர் அவள் காதில் விழும்படியே, "மாட்டுக்கு ஒதுங்கத் தெரியாதவங்களுக்கு எதுக்குங்க பாதை," என்றார். பெடோஸ் கூட்டத்துக்கே வரவில்லை. ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அவருக்கு அவருடைய காப்பீட்டுக்காரர்களும் இவளுக்கு இவளுடைய வக்கீலும் சொல்லியிருந்தார்கள். கடையில் அவர் உள்ளே வந்தால் இவள் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போவாள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தது. அந்த மாதக் கூட்டத்துக்குச் சமூகக் கூடம் நிரம்பிவிட்டது. பின்வரிசையில், அடுக்கிய நாற்காலிகளுக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பெடோஸும் நின்றார். அவரைப் பார்த்ததும் கிளெனிஸ் கூடத்துச் சமையலறைக்குள் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். சட்டைக் கையை மேலே தள்ளி எனக்குக் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு அறுத்த தழும்பு, வளையல் போல.

"நான் விடலை, மெரியல்."

"என்னது?"

"கயித்த. விடணும்னு தெரியும், நானே எழுதினேன். ஆனா கையில ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சிருந்தேன். பயத்துல விரல் விரியவே இல்ல. நெட்டில் தலைய இழுத்து இழுத்துப் பட்டையிலேர்ந்து உருவிட்டு ஓடிடுச்சு. அதுவரைக்கும் என் காலுக்குள்ளதான் கிடந்துச்சு."

வக்கீல், காப்பீடு, ஊர் வாய் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. "இத யார்கிட்டயும் சொல்லாத. இப்ப போய் உக்காரு, எதுவும் பேசாத," என்றேன். தோழியாக நான் கொடுத்த புத்திமதி அதுதான். அதை நினைத்து நான் பெருமைப்படவில்லை.

கூட்டத்தில் டாவினா ஹோட்சன் எழுந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய், மேல்தெருவில் வீடு.

"எனக்கு ஒரு விஷயம் மட்டும் தெரியணும்," என்றாள். "நாய விட்டுட்டா மாடு நம்மள விட்டுடும்னு என் பசங்களுக்குச் சொல்லி வச்சிருந்தேன். கிளெனிஸும் அப்படித்தானே விட்டாங்க? அப்பவும் மிதிச்சிருக்கு. அப்ப நாய விட்டும் பிரயோஜனம் இல்லன்னுதான் ஆகுது. நேத்து என் பையன் சொல்றான், மாடு வந்தா நான் நம்ம நாய் டோபிய விடமாட்டேம்மா, தூக்கிட்டு ஓடுவேன்னு. நான் அவனுக்கு என்னன்னு சொல்றது?"

ராலண்ட் காகிதங்களைத் தட்டி ஒழுங்கு செய்தார். கிளெனிஸின் முகம் வெளுத்திருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

"விடச் சொல்லு," என்றாள். "நான் விடலை. அதான் என்னை மிதிச்சுது. விட்டேன்னு நீங்க எல்லாம் சொன்னீங்க, நான் கம்முனு இருந்துட்டேன். உன் பையன்கிட்ட சொல்லு, அந்தச் சமையக்கார டிரான்டர் கயித்த விடாம புடிச்சிருந்தா, அதனால சாகப் பாத்தான்னு. கண்டிப்பா விடணும்னு சொல்லு."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. கடையில் அன்று பேசியவர், "அப்ப தப்பு யார் மேலன்னு தெளிவாயிடுச்சு," என்றார். கிளெனிஸ் உட்காரவில்லை.

"ஆகல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெடோஸ்.

அவர் பேசி நான் கேட்டதே குறைவு. தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த வலது கொம்படி வெள்ளையா இருக்கும் பாருங்க, அந்தச் சிவப்புப் பசு. ஏப்ரல்லயே என்னைக் கதவுக்கு மேல தூக்கிப் போட்டுச்சு. என்கூட நாய் இல்ல. கன்னு பக்கத்துலகூட நான் போகல. இத என் பொண்டாட்டிகிட்டகூட நான் சொல்லல. இந்த மாட்ட பாதை இருக்கற வயல்ல விட்டிருக்கவே கூடாதுன்னு சொல்லிடுவாங்கன்னு பயம்."

"ஏப்ரல்லயேவா?" டாவினா அவர் பக்கம் திரும்பினாள். "கிளெனிஸுக்கு அடிபடற வரைக்கும் என் பசங்க அந்த வழியாதான் நடந்தாங்க, கிளைவ். தினமும் ரெண்டு தடவ."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கிளெனிஸ் அவர் போவதையே பார்த்தாள். கோபமா இரக்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட்டக் குறிப்பில் நான் எழுதியது இரண்டே வரி: பாதை எண் ஒன்பது பற்றி விவாதிக்கப்பட்டது, வேலி அமைக்க நில உரிமையாளரிடம் கேட்பது என முடிவானது.

கேட்க வேண்டியிருக்கவில்லை. மறு வாரமே அந்தப் பசு வண்டியேறிப் போயிற்று. பாதை நெடுக பெடோஸ் தானே குழி தோண்டி மரக்கம்பம் நட்டு, மூன்று வரிசைக் கம்பி இழுத்தார். வக்கீலும் காப்பீட்டுக்காரர்களும் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தார்கள். வழக்கு இரண்டு வருடம் இழுத்து எப்படியோ முடிந்தது. பெடோஸின் மனைவி இன்றைக்கும் கிளெனிஸைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். டாவினா பெடோஸுக்கு வணக்கம் சொல்வதில்லை.

வேலி சரியாக இருக்கிறதா என்று நடந்து பார்த்து மன்றத்துக்குச் சொல்வது கிளெனிஸின் வேலை. அக்டோபரில் நானும் கூடப் போனேன். மாடுகள் கம்பிக்கு அந்தப் பக்கம், நூறு அடி தள்ளி மேய்ந்தன. நாலாவது கம்பத்தில் அவள் நின்றாள். உதட்டுக்கு மேல் வியர்வை.

"போதும்," என்றாள்.

திரும்பினோம். அடுத்த வாரம் பதினொன்றாவது கம்பம் வரை போனாள். அதற்கடுத்த வாரம் மறுபடி நாலோடு நின்றாள். நவம்பரில் மாடுகளைக் கொட்டகையில் அடைத்த பிறகு காலி வயலில் முழுதும் நடந்து முடித்து, கடைசிக் கதவைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்க. வேலி நல்லா இருக்கு," என்றாள்.

வசந்தத்தில் மாடுகள் வெளியே வந்தன. அவளால் முடியவில்லை. அதை மறைக்கவும் இல்லை. கூட்டத்தில் கையைத் தூக்கி, "ஒன்பது எனக்கு வேணாம். எனக்கு பயமா இருக்கு," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. டாவினா அதை எடுத்துக்கொண்டாள். மற்ற எட்டும் இன்னும் கிளெனிஸிடம்தான்.

போன வாரம் ஆறாம் பாதையில் அவளோடு நடந்தேன். ஒரு வளைவு திரும்பியதும் கம்பிக்கு அப்பால் ஐந்தாறு கிடாரி மாடுகள் எங்களையே பார்த்து நின்றன. அவள் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் அழுந்தியது.

"எதையாவது பேசிட்டே வா, மெரியல்."

பிரிட்சர்டு வீட்டார் கட்டப்போகும் கோழிக் கொட்டகைக்கு வந்திருக்கும் ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். மொத்தம் பதினான்கு. ஏழாவது சொல்லும்போது அந்த வயலைத் தாண்டிவிட்டோம்.