தெரணியகலையிலிருந்து மேல் பிரிவு வரை: உதவி தர வந்தவரோடு ஒரு வான் வண்டிப் பயணம்

எங்கள் தோட்டத்து மேல் பிரிவில் நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு திரீவீலர் வேண்டும் என்று கொழும்பிலுள்ள ஓர் உதவி நிறுவனத்துக்கு எழுதியிருந்தோம். தாய்மார் சங்கத்தின் செயலாளர் நான், முன்பள்ளி ஆசிரியை. விண்ணப்பம் முதல் கட்டம் தாண்டியதும், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதையைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். சிவகௌரி மிஸ், யாழ்ப்பாணத்துக்காரர். இப்படி யாரையாவது அழைத்துப்போகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காலை 8.10க்குத் தெரணியகலை பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டோம். பதினொரு கிலோமீட்டர். வான் வாடகை, போய் வர 4,500 ரூபாய். ஒரு வாரமாக மழை இல்லை. போதாததற்கு, முந்தின வாரம்தான் தோட்ட நிர்வாகம் குழிகளில் கல் கொட்டியிருந்தது. வேறு எந்த நாளிலும் அதற்குச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சாரதி சுனில் அய்யா ரப்பர் மரங்களுக்கு நடுவே வானைப் பறக்கவிட்டார்.

"மெதுவா போங்க அய்யா," என்றேன்.

"பயப்பட வேணாம் டீச்சர். இப்ப ரோட்டு ஷோக்!"

விண்ணப்பத்தில் பயண நேரம் இரண்டு மணித்தியாலம் என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் மண் சரிந்து கிடக்கக் கூடாதா என்று மனம் தேடியது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

8.51க்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றோம். நாற்பத்தொரு நிமிடம். சிவகௌரி மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொப்பியில் குறித்தார்.

"உங்கட விண்ணப்பத்தில ரெண்டு மணித்தியாலம் எண்டு கிடக்கு?"

"மழை நாள்ல ஒன்றரை ஆகும் மிஸ். ரெண்டுன்னு நான்தான் கூட்டி எழுதிட்டேன். கொறச்சு எழுதுனா தர மாட்டீங்களோன்னு பயம்."

அவர் கொப்பியை மூடினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு, இடுப்பில் குழந்தையோடு நின்ற ராணியிடம் திரும்பினார். தேயிலைக் கொழுந்து பறிப்பவள்.

"உங்களுக்கு வலி வந்தண்டைக்கு என்ன நடந்தது?"

"இங்க போன் சிக்னல் எடுக்காதுங்க மிஸ். வீட்டுக்காரரு மூணு கிலோமீட்டரு நடந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு எறங்கித்தான் திரீவீலரு பிடிச்சாரு. அது வந்து சேரவே ஒன்னேகால் மணி நேரம். போற வழியில, ரெண்டாவது வளைவுலயே இவ பொறந்துட்டா."

மிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வாகனத்துக்குக் காத்திருந்த நேரத்தை நீங்கள் எழுதவேயில்லையே!"

உண்மைதான். எங்களுக்கு அது பழகிப்போன ஒன்று. கேட்கத் தகுந்த விஷயமாகவே தோன்றவில்லை.

திருத்தி எழுதி அனுப்பினேன். பதில் வர மூன்று வாரம். அதுவரை சரியாகச் சாப்பிடவில்லை. நிறுவனம் வாகனம் வாங்கித் தரவில்லை. அதற்குப் பதிலாக, மேல் பிரிவிலேயே நிற்கும் ஒரு திரீவீலருக்கு ஆறு மாத வாடகை தருகிறார்கள்.

நீங்களும் யாரையாவது அழைத்துப்போனால், ஆள் வீட்டை விட்டு உதவி தேடிப் புறப்படும் நேரத்திலிருந்து கணக்கெடுங்கள். ஓர் எண்ணைக்கூட ஊதிப் பெருக்காதீர்கள். காலையிலேயே போங்கள், பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். காலில் ஏறும் அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள்.

முதல் வாரத்திலேயே இரண்டு பேர் அந்தத் திரீவீலரில் போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை பெற்றார்கள். ஆறு மாதம் கழிந்து என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியாது. அடுத்தமுறை நிறுவனம் கேட்டால் அதையும் அப்படியே சொல்வேன்.