சக்கில் கட்டிய கயிறு

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கழித்துவிட்ட பழைய கடைசல் இயந்திரத்தை வாங்கி, பதுளையிலுள்ள என் பட்டறைக்குக் கொண்டுவர லொறியில் ஏற்றினேன். இரும்பைக் கவ்விச் சுழற்றும் அதன் சக்கில் லொறிக்காரன் கயிற்றைச் சுற்றிக் கட்டினான்.

“அது சுத்துற சாமான்யா, கயிறு தளந்துரும்” என்றேன்.

“மிஷினு ஓடாமலே சுத்துமா? ஏறுங்கண்ணே” என்று நக்கலடித்தான்.

என் மனைவியின் தம்பி செல்லையா இயந்திரத்தில் முதுகைச் சாய்த்துப் பின்னால் உட்கார்ந்தான். “அக்காவக் கட்டுனப்பகூட இப்புடிப் பயப்படலையே மச்சான்” என்று சிரித்தான்.

ஏற்றத்தில் லொறி கொதித்து நின்றது. செல்லையா தகர வாளியோடு ஓடைக்கு இறங்கினான். அவன் தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது மேலே லொறியின் பக்கப் பலகை முறிந்தது. வழியெல்லாம் குலுங்கியதில் சக்கு திரும்பித் திரும்பிக் கயிறு தளர்ந்திருந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் இயந்திரம் கவிழ்ந்து கிடந்தது. சக்கு மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“நல்ல நேரம்ங்க” என்றான் லொறிக்காரன். அறைந்துவிட்டேன்.

இயந்திரம் இன்றும் நன்றாக ஓடுகிறது. நிறுத்தியபின் சக்கு சுற்றி அடங்கும்போதெல்லாம் செல்லையா எங்கே நிற்கிறான் என்று என் கண் தேடுகிறது. இப்போது எவன் சிரித்தாலும் கயிற்றை நானே கட்டுகிறேன், பாரத்தோடு ஆளை ஏற்றுவதில்லை. பட்டறையைப் பூட்டுமுன் சக்குக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிடுகிறேன். அது தானாகச் சுற்றக் கூடாது.